நிமிடத்துக்கு நாற்பத்தொன்று

உலகத்தின் மகத்தான காரியங்கள் அத்தனையும் பதறாத இதயங்களில் பிறந்தவையே. பேரரசுகளை எழுப்பியவர்கள், பெருங்கடல்களைக் கடந்தவர்கள், தூக்குமேடையில் நின்று புன்னகைத்தவர்கள் எல்லாரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: நிதானம்.

இப்படித் தொடங்குகிற புத்தகத்தை எழுதியவர், புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியில், முடிச்சு அவிழ்ந்த நிலையில், கழிவறைக்குத் துணை வேண்டுமா வேண்டாமா என்று நர்ஸிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"தனியா போக எனக்குத் தெரியும்மா."

"போகத் தெரியும் சார். திரும்பி வர்றதுதான் பிரச்சினை. நேத்து கதவைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டீங்களே?"

"யோசிச்சுக்கிட்டு நின்னேன்."

"இந்த வார்டுல எல்லாரும் அப்படித்தான் யோசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது இப்போது கேஸ் ஷீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பயிற்சி அதிகாரியாக இருந்தபோதே, எந்த மேடையிலும் குரல் தடுமாறாமல், விரல் நுனிகூட ஆடாமல் பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். கம்பெனி கம்பெனியாகப் போய், பதறாமல் வாழ்வது எப்படி என்று பேசுகிறார். எல்லாருக்கும் அவர் 'நிதானம் சார்'. வீட்டிலும் அதே பெயர்தான், கொஞ்சம் வேறு தொனியில்.

திங்கட்கிழமை நடந்ததை அறியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் அரங்கத்தில் 'பதற்றத்தை வெல்லப் பத்து வழிகள்' பேசிக்கொண்டிருந்தார். "ஏழாவது வழி, உடம்பைத் தளர விடுங்கள்" என்றவர், சொன்ன கையோடு தளர்ந்து, மேசை விளிம்பில் சரிந்து, தரையில் நீட்டிப் படுத்துவிட்டார். செய்முறை விளக்கம் என்று நினைத்து நூற்றெண்பது பேரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் தாங்களும் படுத்துப் பார்த்தார்கள். மைக் சரிசெய்கிற ஆள்தான் கிட்டே போய்ப் பார்த்து, "ஐயோ, இவருக்குக் கண்ணு சொருகிடுச்சு!" என்று கத்தினான்.

அன்றிலிருந்து அவர் மார்பில் ஐந்து ஒட்டுவில்லைகளும், தலைமாட்டில் ஒரு திரையும் இருக்கின்றன. திரையில் பச்சை நிறத்தில் ஒரு எண். நாற்பத்தொன்று. சில சமயம் நாற்பத்துமூன்று. தூங்கும்போது முப்பத்தாறு.

இந்த எண்ணைப் பார்த்து ஆஸ்பத்திரி கவலைப்பட்டது. நிதானம் பெருமைப்பட்டார்.

"சாதாரண மனுஷனுக்கு நிமிஷத்துக்கு அறுபதுலேருந்து நூறு வரைக்கும் துடிக்கும்" என்று, நலம் விசாரிக்க வந்த பழைய அலுவலக நண்பர்களிடம் திரையைச் சுட்டிக்காட்டினார். "ஓட்டப்பந்தய வீரனுக்கு நாற்பது. யோகிக்கு நாற்பது. எனக்கு நாற்பத்தொண்ணு. நான் இதுக்காகத் தனியா எதுவும் பண்ணல. முப்பது வருஷப் பயிற்சி, அவ்வளவுதான்."

நண்பர்கள் தங்கள் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, தாழ்வு மனப்பான்மையோடு லிஃப்டைத் தேடிப் போனார்கள்.

எட்டரை மணிக்கு இதய டாக்டர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கான்வாஸ் காலணி, அவசர நடை. பின்னால் குறிப்பேடு வைத்துக்கொண்டு மூன்று பயிற்சி டாக்டர்கள். நிதானம் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்து, மேடையில் வரவேற்புரை கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி எழுந்து நின்றாள். துணி ஆலை ஒன்றில் சரக்கறைப் பொறுப்பாளர் அவள். நூல் கட்டு ஒன்று குறைந்தாலும் மூக்கில் வியர்த்துவிடும்.

"தைராய்டு பார்த்தோம், சரியா இருக்கு" என்று டாக்டர் விரல் மடக்கினார். "அது மந்தமானா இதயமும் மந்தமாகும். உப்புச் சத்து பார்த்தோம், பொட்டாசியம் சரியா இருக்கு. மாரடைப்பு இல்ல. ஸ்கேன்ல வால்வு, தசை எல்லாம் நல்லாவே இருக்கு. தூக்கத்துல மூச்சு நிக்கிற கோளாறும் இல்ல. ஆனா துடிப்பு நாற்பத்தொண்ணு. நேத்து ராத்திரி ஒரு தடவை மூணு வினாடி எதுவுமே துடிக்கல."

"நான் நல்லாத்தான் தூங்கினேன்" என்றார் நிதானம்.

"மூணு வினாடிங்கறதால நல்லா தூங்கினீங்க. அது பத்தாச்சுன்னா கதை வேற."

"டாக்டர், என் விஷயத்துல இது மனப் பயிற்சியோட விளைவுன்னு நீங்க ஏன் எடுத்துக்கக் கூடாது? விளையாட்டு வீரர்களுக்கு..."

"கடைசியா எப்ப ஓடினீங்க?"

நிதானம் யோசித்தார். மனைவி உதவிக்கு வந்தாள். "பஸ்ஸுக்கு ஓடினார் டாக்டர். பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம்."

பயிற்சி டாக்டர்களில் ஒருத்தி குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே உதட்டைக் கடித்தாள்.

"பாருங்க சார், எண் மட்டும் நோய் இல்ல" என்றார் டாக்டர். "இதே நாற்பதை வெச்சுக்கிட்டு ஒரு நீச்சல்காரர் ஜம்முன்னு இருப்பார். மாடிப்படி ஏறினா அவருக்கு நூறுக்குப் போகும். நீங்க நேத்து தாழ்வாரத்துல ரெண்டு தடவை நடந்தீங்க, நாற்பத்தெட்டைத் தாண்டல. திங்கட்கிழமை மூளைக்கு ரத்தம் பத்தல, விழுந்தீங்க. அந்த விழுந்ததுதான் எனக்குக் கவலை. இதயத்தோட மேல் அறையில ஒரு சின்ன முடிச்சு இருக்கு, அதுதான் தாளம் போடுது. வயசானா சிலருக்கு அது சோம்பலாயிடும். வேற காரணம் எதுவும் கிடைக்கலன்னா பேஸ்மேக்கர் பெட்டிதான் வழி. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வெச்சுடலாம்."

"வேற காரணம்னா?"

"மாத்திரை. துடிப்பைக் குறைக்கிற மாத்திரைங்க நிறைய இருக்கு. மூணாவது தடவையா கேக்கறேன். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கண் சொட்டு மருந்து, எதுக்காவது ஏதாவது எடுக்கறீங்களா?"

நிதானம் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரா? தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை போட மாட்டார் டாக்டர். மாத்திரை பலவீனர்களோட ஊன்றுகோல்னு புத்தகத்துலயே எழுதியிருக்கார்."

"நாற்பத்தோராம் பக்கம்" என்றார் நிதானம், மெல்லிய குரலில்.

டாக்டர் கையெழுத்துப் படிவத்தை நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பதினொரு மணிக்கு மனைவி, ஆலைக்கு விடுப்பு சொல்லிப் போன் பேச வராந்தாவுக்குப் போனாள். அவள் தம்பி அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி உள்ளே நுழைந்தான். மருந்துக்கடை வைத்திருப்பவன். கையில் அரை டஜன் ஆப்பிள், முகத்தில் அரை டஜன் பயம்.

"அத்தான், அதைச் சொல்லிட்டீங்களா?"

"எதை?"

"என்கிட்டயே எதைன்னு கேக்கறீங்க பாருங்க. மாத்திரையை."

"மெதுவா பேசு மச்சான். பக்கத்துக் கட்டில்காரர் என் பேச்சைக் கேட்டவராம்."

மருந்துக்கடைக்காரன் நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான். "சொல்லலைன்னா நிம்மதி. டாக்டர் சீட்டு இல்லாம பதினாலு வருஷமா குடுத்திருக்கேன், தெரிஞ்சா என் லைசென்ஸைக் கிழிச்சுடுவாங்க. சரி, எப்ப வீட்டுக்கு அனுப்பறாங்க?"

"நாளைக்கு பேஸ்மேக்கர் வெச்சதுக்கப்புறம்."

ஆப்பிள் பை நழுவியது. ஒரு ஆப்பிள் உருண்டு பக்கத்துக் கட்டிலுக்கடியில் போனது.

"என்ன அத்தான் விளையாடறீங்க? கை நடுங்காம இருக்கறதுக்காகத்தானே அந்த மாத்திரையைக் குடுத்தேன்? அது பீட்டா பிளாக்கர். அதோட வேலையே துடிப்பைக் குறைக்கறதுதான். அதை நிறுத்திட்டுப் பார்த்தாத்தான் உங்க இதயம் என்ன லட்சணத்துல இருக்குன்னு தெரியும். திங்கட்கிழமைக்கப்புறம் போடலையே?"

நிதானம் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரன் அதை எடுத்துத் திறந்தான். கண்ணாடி துடைக்கிற துணிக்கு அடியில் ஒரு அட்டை. அதில் இரண்டு குழிகள் காலி.

"எப்ப போட்டீங்க?"

"நேத்து காலைல ஒண்ணு. இன்னைக்குக் காலைல ஒண்ணு."

"ஏன்?"

"டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றாங்கல்ல?" என்றார் நிதானம், எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்கிற தொனியில். "நாலு பேர் வந்து நிக்கறாங்க. எல்லார் முன்னாலயும் கை நடுங்கினா நல்லாவா இருக்கும்?"

மருந்துக்கடைக்காரன் நெற்றியைக் கட்டிலின் கம்பியில் மெதுவாக முட்டிக்கொண்டான். "துடிப்பு ஏன் குறையுதுன்னு பார்க்கத்தான் அவங்க வர்றாங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி, துடிப்பைக் குறைக்கற மாத்திரையைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"நீ அதை அப்படிப் பார்க்கக் கூடாது."

"எப்படிப் பார்க்கணும்? சொல்லுங்க, எட்டாவது வழியா?"

நிதானம் ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, ஒரு நிர்வாகக் குழுவுக்கு யோசனை சொல்கிறவர் போல ஆரம்பித்தார்.

"மச்சான், யோசிச்சுப் பார்த்தேன். பெட்டி வெச்சா வெச்சுட்டுப் போகட்டும். அதை ஒரு அனுபவமா எழுதலாம். ஞாயித்துக்கிழமை நகர மண்டபத்துல அறுநூறு பேர். மாத்திரைன்னு வெளிய வந்தா என்ன ஆகும்? அட்டையில பத்து நிதானம், ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு சிரிப்பாங்க."

"மார்பைக் கிழிச்சு, தோலுக்கடியில ஒரு பெட்டியை வெச்சு, ரத்தக் குழாய் வழியா கம்பியை இதயத்துக்குள்ள விட்டு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து மாத்தணும். தேவைப்பட்டவங்களுக்கு அது உயிர் காக்கற சாமான். உங்களுக்குத் தேவையான்னே தெரியல அத்தான். என் லைசென்ஸ் போனாலும் போகட்டும், நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

"நீ பேசாம இரு. நான் யோசிக்கறேன்" என்று நிதானம் எழுந்தார்.

எழுந்ததுதான் தெரியும். அறையின் ஓரங்கள் கறுத்தன. ஜன்னல் ஒரு தபால்தலை அளவுக்குச் சுருங்கியது. காதுக்குள் யாரோ ரேடியோவின் ஒலியைக் குறைத்த மாதிரி இருந்தது. தலைமாட்டுத் திரை கீச்சென்று கத்தியது. அடுத்த துடிப்பு வருமா என்று அவர் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, தன் இதயம் கொஞ்சம் அவசரப்பட்டால் தேவலை என்று தோன்றியது. வந்தது. கண் தெளிந்தபோது மச்சான் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் ஆப்பிளைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"டாக்டரைக் கூப்பிடு" என்றார் நிதானம். "அக்காவைக் கூப்பிடாதே."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள்.

டாக்டருக்குப் பின்னால் அதே மூன்று குறிப்பேடுகள். மனைவி கையில் போன், முகத்தில் கலவரம். நிதானம் அவளைத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. பேப்பர் வாங்கி வரச் சொன்னார். பேப்பர் மடியிலேயே இருந்தது.

"நான் எங்கயும் போகல" என்றாள் மனைவி. "சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

நிதானம் தொண்டையைச் செருமினார். "டாக்டர், எனக்கு ஒரு நண்பர் இருக்கார். மேடைப் பேச்சாளர். கை நடுக்கத்துக்காக அவர் ஒரு மாத்திரை..."

"உங்க நண்பர் எத்தனை மில்லிகிராம் போடறார்?"

"நாற்பது" என்றான் மருந்துக்கடைக்காரன்.

டாக்டர் கையை நீட்டினார். நிதானம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதில் வைத்தார். டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார், பயிற்சி டாக்டர்களிடம் காட்டினார். அவர்கள் புதிய இனப் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டது டாக்டர் இல்லை. மனைவி.

"பதினாலு வருஷமா."

"அடுப்புல தீப்பிடிச்சப்ப, நான் கத்தறேன், நீங்க நிதானமா நடந்து போய் ஈரச் சாக்கைப் போட்டு அணைச்சீங்களே? ஒரு அத்தியாயமே எழுதினீங்களே?"

"அன்னைக்கு சாயங்காலம் ஒரு கூட்டம் இருந்தது. முன்கூட்டியே போட்டிருந்தேன்."

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான். "அக்கா, ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டுதான் கேட்டார். மாட்டேன்னு சொன்னா, பதறாதேன்னு சொல்லுவார்."

"உன்னை வீட்டுல வெச்சுக் கவனிச்சுக்கறேன்" என்றாள் அவள்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். கான்வாஸ் காலணி உட்காருவது அபூர்வம் என்பது பயிற்சி டாக்டர்கள் முகத்தில் தெரிந்தது.

"இப்ப நான் கேக்கறது முக்கியம். என்னைக்காவது ஒண்ணு போடறவருக்கு இந்த மாத்திரை ஒரு நாள்ல உடம்பை விட்டுப் போயிடும். அப்படின்னா உங்க நாற்பத்தொண்ணுக்கு இதயம்தான் காரணம், நாளைக்குக் காலைல பெட்டி. தினமும் போடறவர்னா கதை வேற. மாத்திரையே காரணமா இருக்கலாம். இல்ல, ஏற்கெனவே சோம்பலா இருந்த முடிச்சை மாத்திரை காட்டிக் குடுத்திருக்கலாம். நிறுத்திட்டுப் பார்த்தாத்தான் தெரியும். திடீர்னு நிறுத்தினா சிலருக்கு எதிர்மாறா எகிறும், அதனால இங்கயேதான் இருக்கணும். சொல்லுங்க, எப்பப்ப போடுவீங்க?"

"பேச்சுக்கு முன்னாடி மட்டும்."

"மாசத்துக்கு எத்தனை பேச்சு?"

"பத்து வரும்."

மனைவி தம்பி பக்கம் திரும்பினாள். சரக்கறைக் குரலில் கேட்டாள். "மாசம் எத்தனை அட்டை குடுக்கற?"

"நாலு."

"அட்டைக்கு?"

"பத்து."

"நாற்பது வரவு, பத்து செலவு" என்றாள் அவள். "மீதி முப்பது எங்க?"

திரையில் எண் நாற்பத்துநான்கு ஆனது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். நிதானம் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

"சார், நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் ஒதுக்கியாச்சு" என்றார் டாக்டர். "ரத்து பண்ணணும்னா எனக்குக் காரணம் வேணும்."

"தினமும் ஒண்ணு. இங்க வந்தும் ரெண்டு போட்டேன்" என்றார் நிதானம்.

டாக்டர் எழுந்தார். மாத்திரைகளைப் பூட்டி வைக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலை நடக்க வைத்துப் பார்ப்போம், எண் தானாக எழும்பினால் வீடு, எழும்பாவிட்டால் பெட்டி என்றார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைப் பற்றி நிதானம் கேட்டார். "பேசலாம், மாத்திரை இல்லாம" என்றார் டாக்டர். அது அனுமதியா தண்டனையா என்று யாரும் விளக்கவில்லை.

உதட்டைக் கடித்த பயிற்சி டாக்டர் மட்டும் போகாமல் நின்றாள். "சார், ஷீட்ல இன்னொரு கட்டம் இருக்கு. தினமும் எத்தனை மணிக்கு, எதுக்காக?"

"அது அவசியமா?"

"கட்டம் காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க."

"சாயங்காலம் ஆறு மணிக்கு" என்றார். நிறுத்தினார். மனைவி நகரவில்லை. மச்சான்கூட நகரவில்லை. "ஆறரைக்குப் பொண்ணோட மக வருவா. செஸ் ஆடுவோம்."

பயிற்சி டாக்டர் எழுதிக்கொண்டாள். பேத்திக்கு ஒன்பது வயது. அவர் இதுவரை ஜெயித்ததில்லை.